கடனும் விசுவாசமும்: ஆராதனை முடிந்ததும் வாசலில் கேட்கப்படும் கேள்விகள்

தென்மாவட்டத்தில் ஒரு கூட்டுறவு வங்கியின் கடன் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு எங்கள் சபையின் பொருளாளராக இருக்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்து நான் காணிக்கையை எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருவர் வாசலில் தயங்கி நிற்பார். "அண்ணாச்சி, ஒரு நிமிஷம்" என்பார். அந்த ஒரு நிமிஷம் பெரும்பாலும் ஒரு மணி நேரமாகும்.

கேட்கிறவர்கள் மாறுகிறார்களே தவிர கேள்விகள் மாறுவதில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன். நான் போதகர் அல்ல, வழக்கறிஞரும் அல்ல. வேதத்தை ஒரு விசுவாசியாகவும், வட்டிக் கணக்கை ஒரு பழைய குமாஸ்தாவாகவும் படிக்கிறவன். அந்த அளவுக்கு மட்டும் என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடன் வாங்குவதே பாவமா, அண்ணாச்சி?

இல்லை. இதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் வசனம் ரோமர் 13:8: "ஒருவரிடத்திலொருவர் அன்புகூருகிற கடனேயல்லாமல், மற்றொன்றிலும் ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்." இதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். வரி யாருக்கோ அவருக்கு வரியைக் கட்டு, யாருக்கு எது சேரவேண்டுமோ அதைச் செலுத்து என்று பவுல் சொல்லிக்கொண்டு வருகிறார். கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் வைத்திராதே என்பதுதான் அங்கே பேச்சு. கடன் வாங்குவதே பாவமென்றால், "கடன் வாங்க விரும்புகிறவனுக்கு முகங்கோணாதே" என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொல்லியிருக்க மாட்டார். சங்கீதம் 37:21 துன்மார்க்கன் என்று குறிப்பிடுவது கடன் வாங்கினவனை அல்ல, வாங்கிச் செலுத்தாமற்போகிறவனை.

பாவமில்லை என்பதால் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" என்கிறது நீதிமொழிகள் 22:7. இதை ஒரு கட்டளையாகப் படிக்கவேண்டியதில்லை. நடப்பதைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. தவணை நாள் நெருங்கும்போது செல்பேசி மணி அடித்தாலே நெஞ்சு திடுக்கிடுகிற எவருக்கும் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

உபாகமம் 28இல் "கடன் வாங்காதிருப்பாய்" என்று ஆசீர்வாதமாகச் சொல்லியிருக்கிறதே. அப்படியானால் நான் கடனாளியானது சாபமா?

அந்த அதிகாரம் இஸ்ரவேல் என்ற ஒரு ஜனத்துக்கு, மற்ற ஜாதிகளோடு அதன் நிலை எப்படி இருக்கும் என்று சொல்லப்பட்டது. ஆஸ்பத்திரிச் செலவுக்காக நீங்கள் வாங்கிய எண்பதாயிரத்தை அதற்குள் திணிக்க முடியாது. இரண்டாம் இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் வருகிற விதவையின் கணவன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன், கர்த்தருக்குப் பயந்து நடந்தவன். அவனும் கடனோடுதான் செத்தான். "எந்தப் பாவத்தால் இது வந்தது?" என்று, அவள் முறையிட்டு வந்த தீர்க்கதரிசி எலிசா அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சவுலுக்குத் தப்பி அதுல்லாம் கெபியில் ஒளிந்திருந்த தாவீதிடம் வந்து சேர்ந்த நானூறு பேரில் கடன்பட்டவர்களும் இருந்தார்கள் என்று வேதமே எழுதிவைத்திருக்கிறது.

சில கடன்கள் நோயால் வருகின்றன, சில மழை பொய்த்து வருகின்றன, சில நம்முடைய பவுசுக்காக வருகின்றன. மூன்றாவதற்குச் சாபம் என்று பெயர் வைத்தால் நம் பொறுப்பு நழுவிவிடும். கடன் சாபத்தை முறிக்கும் விசேஷக் கூட்டம், அதற்கொரு விசேஷக் காணிக்கை என்று யாராவது அழைத்தால், அந்தக் காணிக்கைத் தொகையையும் கடன் பட்டியலில் எழுதிக்கொண்டு போங்கள்.

ஜெபித்தால் கடன் தீருமா?

அந்த விதவையின் கதையையே மறுபடியும் பாருங்கள். நாம் எண்ணெய் பெருகியதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம். கதையின் வரிசையை மறந்துவிட்டோம். முதலில் அவள் வாய்விட்டுச் சொல்கிறாள். "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது?" என்று எலிசா கேட்டபோது ஒரு குடம் எண்ணெய் இருக்கிறது என்று கணக்குச் சொல்கிறாள். பக்கத்து வீடுகளுக்குப் போய் வெறும் பாத்திரம் கேட்கிறாள். தெருவுக்கே விஷயம் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகுதான் அற்புதம். அற்புதத்தோடும் முடியவில்லை: எண்ணெயை விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு ஜீவனம்பண்ணுங்கள் என்கிறார் எலிசா.

சொல்வது, எண்ணுவது, கேட்பது, விற்பது, அடைப்பது, மீந்ததில் வாழ்வது. என்னிடம் வருகிறவர்கள் பலரும் ஜெபம் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் அவர்களில் பாதிப்பேருக்கு முதல் படியே பாக்கியிருக்கிறது. வீட்டில் சொல்லியிருக்கமாட்டார்கள்.

மொத்தம் எவ்வளவு கடன் என்றே தெரியவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரு முழுத்தாளிலிருந்து. யாருக்கு, எவ்வளவு அசல், மாதம் எவ்வளவு வட்டி, என்ன ஈடு, யார் ஜாமீன் என்று ஐந்து கட்டம் போடுங்கள். கொழுந்தனிடம் கைமாற்றாக வாங்கிய மூவாயிரமும் வரவேண்டும், மளிகைக்கடைப் பற்றும் வரவேண்டும். எல்லா வட்டியையும் நம் ஊர்க் கணக்குக்கு, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்ற கணக்குக்கு, மாற்றி எழுதுங்கள். அப்போதுதான் யார் உண்மையில் அதிகம் வாங்குகிறார் என்று தெரியும். வங்கி நகைக்கடன் ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் அது ஒரு வட்டி. கடைவீதியில் மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். பத்து வட்டிக்கு ஐம்பதாயிரம் வாங்கியவர் மாதம் ஐயாயிரம் கட்டுகிறார். பத்தாவது மாதம் அசலுக்குச் சமமான பணம் போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும்.

தண்டல் கடனில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பத்தாயிரம் என்று பேசி, ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு, கையில் எட்டாயிரத்து ஐந்நூறு தருவார்கள். தினம் நூறு ரூபாயாக நூறு நாள் கட்டவேண்டும். "பதினைந்து சதவீதம்தானே" என்று நினைப்போம். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. முழுப் பணமும் நூறு நாள் நம் கையில் இருப்பதில்லை. கணக்குப் போட்டால் இது ஏறக்குறைய பத்து வட்டி, ஆண்டுக்கு 120 சதவீதம். கிரெடிட் கார்டு இதற்குக் கோட்டு சூட்டு மாட்டிய தம்பி. மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பாக்கியில் வட்டி 3,500, அதற்கு ஜி.எஸ்.டி. 630. குறைந்தபட்சத் தொகை என்று 5,000 கட்டினால் அசலில் கழிவது 870 ரூபாய்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது?

குமாஸ்தாவாகச் சொன்னால், வட்டி எதற்கு அதிகமோ அதை. மற்றவற்றுக்குக் குறைந்த தவணையை மட்டும் கட்டிக்கொண்டு, கையில் மிஞ்சும் ஒவ்வொரு ரூபாயையும் அதன்மேல் போடுங்கள். வீட்டுக்கடன் வரிசையில் கடைசி. அது பாட்டுக்கு ஓடட்டும்.

விசுவாசியாக ஒரு விலக்குச் சொல்வேன். உங்களுக்குக் கடன் கொடுத்தவர் உங்களைவிட ஏழையாக இருந்தால் அவருக்கு முதலில் கொடுங்கள், வட்டியே இல்லாவிட்டாலும். வீட்டு வேலை செய்கிற அம்மாவின் இரண்டு மாதச் சம்பளம், கொத்தனாரின் பாக்கிக் கூலி, பால்காரர் பணம். கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்கிறது லேவியராகமம் 19:13. இவர்கள் யாரும் வீட்டு வாசலில் வந்து கத்தமாட்டார்கள். அதனாலேயே வரிசையில் கடைசிக்குத் தள்ளப்படுகிறார்கள்.

கணவருக்குத் தெரியாமல் குழுவில் கடன் எடுத்துவிட்டேன். இப்போது சொன்னால் வீட்டில் சண்டை வரும். நானே மெதுவாகக் கட்டி முடித்துவிடலாமா?

முடியாது, தாயே. ஒரு குழுவின் தவணைக்கு இன்னொரு குழுவில் எடுத்து, அதற்கு மூன்றாவதில் எடுத்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சிறுகடன் நிறுவனங்கள் கடன் தரும்போது, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. உங்கள் முழுத்தாளில் அந்தப் பாதியைத் தாண்டிவிட்டீர்களா என்று பாருங்கள். தாண்டியிருந்தால் மறைத்துக்கொண்டே கட்டி முடிப்பது கணக்குப்படியே நடக்காது.

சண்டை வரும். ஆனால் வாரவசூலுக்கு வருகிறவர் வாயிலிருந்து தெரியவந்தால் வருகிற சண்டை வேறு மாதிரி இருக்கும். தாளை எழுதி முடித்துவிட்டு, தாளோடு சொல்லுங்கள். தொகை தெரியாத கடனுக்குத்தான் மனிதர் அதிகம் பயப்படுகிறார்கள். அடி உதைக்குப் பயமிருந்தால் தனியாகச் சொல்லவேண்டாம். போதகர் மனைவி ஐயரம்மாவையோ, பங்குச் சிஸ்டரையோ, உங்கள் அண்ணனையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணவன்மாருக்கும் இதே பதில்தான். மனைவிக்குத் தெரியாமல் கார்டு வைத்திருப்பவர்கள் சபையில் குறைவில்லை.

நகையை விற்பதா, அடகிலேயே வைத்திருப்பதா? தாலிச் செயினையும் விற்கலாமா?

ஒரு வருஷத்துக்குள் மீட்க வழி தெரிந்தால் வங்கியில் அடகு வைத்து, அந்தப் பணத்தால் ஐந்து வட்டி, பத்து வட்டிக் கடன்களை அடையுங்கள். வழி தெரியாவிட்டால் விற்றுவிடுங்கள். வருஷாவருஷம் வட்டியைக் கட்டி அதே நகையைத் திருப்பி வைத்துக்கொண்டு, பெட்டியில் இல்லாத நகைக்கு வாடகை கொடுப்பவர்கள் எத்தனையோ பேர். தாலிச் செயின் உங்கள் இருவர் மனம். செயினை விற்றுவிட்டு மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக்கொண்டு ஆலயத்துக்கு வந்த ஒரு அக்காவை எனக்குத் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேர் தங்கள் கடனைப் பற்றி அவரிடம் பேச வந்தார்கள்.

அடகுக்குப் போகவே கூடாது என்று வேதம் காட்டுவது வேறொரு பொருளை. உபாகமம் 24:6 திரிகைக் கல்லை அடகாக வாங்காதே என்கிறது, "அது ஜீவனை அடகு வாங்குவதுபோலாகும்." மாவு அரைக்கிற கல் போய்விட்டால் மறுநாள் அப்பம் இல்லை. உங்கள் வீட்டுத் திரிகை எது? தையல் மெஷினா, ஆட்டோவா, வள்ளமா, கறவை மாடா? கழுத்தில் கிடப்பதை விற்றாவது அதைக் காப்பாற்றுங்கள்.

கடனில் இருக்கும்போது தசமபாகம் கொடுக்கவேண்டுமா?

பொருளாளர் இப்படி எழுதலாமா என்று எங்கள் கமிட்டியில் கேட்பார்கள். கேட்கட்டும். போதகர்கள் இதில் ஒரே கருத்துள்ளவர்கள் அல்ல. மல்கியா 3:10ஐக் காட்டி, பத்தில் ஒன்றை நிறுத்தினால் ஆசீர்வாதம் வருகிற வானத்தின் பலகணிகள் அடைபடும் என்பவர்கள் உண்டு. தசமபாகம் பழைய உடன்படிக்கையின் முறை, இப்போது மனவிருப்பமே அளவு என்பவர்களும் உண்டு. நான் இரண்டாம் கொரிந்தியர் 8:12இல் நிற்கிறேன்: "மனவிருப்பமிருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்." வருகிற சம்பளத்தில் பாதி இன்னொருவருக்குச் சேரவேண்டியதாக இருக்கும்போது, அந்தப் பாதியிலிருந்து காணிக்கை எடுப்பது பிறர் பணத்தைப் படைப்பதாகும். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் "கொர்பான்" என்று தேவாலயத்துக்கு ஒதுக்கிவிட்டுக் கைகழுவினவர்களை மாற்கு 7இல் இயேசு கடிந்துகொண்டார்.

அதற்காகக் காணிக்கைப் பை வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவேண்டாம். பத்து ரூபாயானாலும் போடுங்கள். கொடுக்கிற பழக்கம் ஒரு முறை அறுந்தால், கடன் தீர்ந்த பிறகும் ஒட்டுவதில்லை. இதை உண்டியல் எண்ணிய அனுபவத்தில் சொல்கிறேன். தவணைகள் குறையக் குறையக் காணிக்கையை உயர்த்துங்கள். போதகரிடம் நிலைமையைச் சொல்லிவிடுங்கள். நல்ல போதகர் குறைக்கச் சொல்வார்.

ஆண்டவருக்கு இன்னது தருவேன் என்று பொருத்தனை பண்ணிவிட்டேன். கடன் வாங்கியாவது செலுத்தலாமா?

வேண்டாம். அவகாசம் கேளுங்கள். மேலே சொன்ன கொர்பான் இதற்கும் பொருந்தும்.

மகள் கல்யாணத்தைக் கடன் வாங்காமல் எப்படி நடத்துவது?

சின்னதாக. கோபப்படாதீர்கள். கல்யாண அறிவிப்பான ஓலையைச் சபையில் வாசிக்க மூன்று ஞாயிறு, ஆலயத்தில் ஒரு ஆராதனை, பரிசுத்த விவாகத்துக்கு வேண்டியது அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஊர்வாய்க்குப் போடும் தீனி. லூக்கா 14:28இல் கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசு சொன்னது சீடத்துவத்தைப் பற்றி. ஆனால் கல்யாண மண்டபத்துக்கும் அது அப்படியே பொருந்துகிறது. வரதட்சணைக்காகக் கடன் கேட்டு என்னிடம் வரவேண்டாம். 1961 முதல் அது சட்டப்படி குற்றம், சட்டம் இல்லாவிட்டாலும் குற்றம்.

சபையில் ஒரு சகோதரர் ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். மறுத்தால் அன்பில்லாதவன் என்பார்களே?

இதில் நான் பட்டவன். என் முப்பத்தாறாவது வயதில், கூடப் பாடகர் குழுவில் பாடிய ஒருவருக்குக் கையெழுத்துப் போட்டேன். வங்கி வேலையில் இருந்துகொண்டே போட்டேன் என்பது கூடுதல் வெட்கம். அவர் ஊரைவிட்டுப் போனார். நான் நாற்பத்தொரு மாதம் கட்டினேன். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, ஜாமீன்தாரர் பொறுப்பும் கடன்காரர் பொறுப்பும் ஒரே அளவு. முதலில் அவரைப் பிடியுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள் என்று வங்கியிடம் சொல்லமுடியாது. "சும்மா ஒரு கையெழுத்துத்தான்" என்று எவர் சொன்னாலும் அது சும்மா அல்ல.

நீதிமொழிகள் ஆறாம் அதிகாரம் இதில் ஈவிரக்கம் காட்டுவதில்லை. சிநேகிதனுக்காகப் பிணைப்பட்டுவிட்டாயா, தூங்காதே, வேடன் கைக்குத் தப்பும் குருவிபோலத் தப்பிக்கொள் என்கிறது. ஆனால் பவுல் ஒநேசிமு என்ற அடிமைக்காக அவன் எஜமான் பிலேமோனுக்கு எழுதும்போது, அவன் கடன்பட்டிருந்தால் என் கணக்கிலே வைத்துக்கொள், நான் செலுத்துவேன் என்று தன் கையாலேயே எழுதிக்கொடுக்கிறார். இரண்டும் முரண் அல்ல. தான்தான் கட்டப்போகிறோம் என்று தெரிந்தே பவுல் எழுதினார். அந்தத் தொகை முழுவதையும் இனாமாகக் கொடுக்க உங்களால் முடியுமா, மனமும் இருக்கிறதா? அப்படியானால் போடுங்கள். இல்லையென்றால், முடிந்த ஐயாயிரத்தைத் திருப்பிக் கேட்காமல் கையில் கொடுத்து, கையெழுத்தை மறுத்துவிடுங்கள். அன்பு என்பது அந்த ஐயாயிரம்.

நான் கொடுத்த கைமாற்றைத் திருப்பித் தராமல், அதே சகோதரர் எனக்கு முன் வரிசையில் கைதூக்கித் துதிக்கிறார். நான் என்ன செய்வது?

தனியாகப் போய்க் கேளுங்கள். பிறகு ஒரு மூப்பரோடு போய்க் கேளுங்கள். மத்தேயு 18 காட்டும் வழி அது. முதலாம் கொரிந்தியர் 6 சகோதரன் சகோதரனை வழக்குக்கு இழுப்பதை விரும்புவதில்லை, அதே மூச்சில் அநியாயம் செய்கிற சகோதரனையும் விடுவதில்லை. அவர் உண்மையிலேயே இல்லாதவராயிருந்தால் மாதம் முந்நூறாவது தரும்படி எழுதி வாங்குங்கள், அல்லது மன்னித்துவிட்டேன் என்று அவரிடமே சொல்லிவிடுங்கள். மனதுக்குள் மட்டும் மன்னித்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது இரண்டிலும் சேராது.

வட்டிக்கு விடுவது தவறென்றால் வங்கியில் டெபாசிட் போடுவதும் தவறுதானே?

நியாயமான கேள்வி. யாத்திராகமம் 22, லேவியராகமம் 25, உபாகமம் 23 மூன்றும் வட்டியைத் தடுக்கின்றன. முதல் இரண்டிலும் எதிரே நிற்பவன் எளிமைப்பட்டவன். பசிக்கு வாங்குகிறவனிடம் லாபம் பார்க்காதே என்பதே அவற்றின் கருத்து. தாலந்து உவமையிலோ எஜமான், பணத்தைக் காசுக்காரரிடம் போட்டிருந்தால் வட்டியோடாவது வாங்கியிருப்பேனே என்கிறான். திருச்சபை இதில் பல நூற்றாண்டுகள் தடுமாறியது. 1462இல் இத்தாலியின் பெரூஜியாவில் பிரான்சிஸ்கன் துறவிகள் ஏழைகளுக்காகத் தாங்களே அடகுக்கடை திறந்தார்கள்; நடத்தும் செலவுக்குச் சிறு வட்டி வாங்கலாமா என்று அதற்கும் பெரிய வாதம் நடந்தது.

என் தீர்ப்பு சுருக்கமானது. தொழில் செய்கிறவருக்குப் போகும் பணத்தின் லாபத்தில் பங்கு கேட்பது வேறு, பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவரிடம் ஐந்து வட்டி கேட்பது வேறு. நெகேமியா 5இல் யூதப் பிரபுக்கள் "நூற்றுக்கொன்று" வீதம் வட்டி தண்டினார்கள். வேத அறிஞர்கள் பலர் அதை மாதக் கணக்காக எடுக்கிறார்கள். அப்படியானால் அது நம் ஊர் ஒரு வட்டி. ஒரு வட்டிக்கே அவர்களுடைய அதிபதியான நெகேமியா கடுங்கோபம் கொண்டு சபையைக் கூட்டினார். மூன்று வட்டிக்கு விட்டுவிட்டு, சபை விருந்தான அசனத்துக்கு அரிசி மூட்டை தருகிறவர்கள் அந்த அதிகாரத்தை ஒரு தடவை வாசிக்கலாம்.

மீட்டர் வட்டிக்காரர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். போலீசுக்குப் போனால் விசுவாசக் குறைவா?

போங்கள். நெகேமியாவிடம் ஜனங்கள் போட்ட கூக்குரல் ஒரு புகார் மனுதான். தமிழ்நாடு அதிக வட்டி வசூல் தடைச் சட்டம் 2003 தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடை செய்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. கட்டியதற்கான சான்றுகள், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலை, வெற்றுப் புரோநோட்டு விவரம் அனைத்தையும் எழுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். அங்கே அசையாவிட்டால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டித் தொல்லையால் ஒரு குடும்பமே உயிரை மாய்த்துக்கொண்டதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஆகவே தனியாகப் போகாதீர்கள். போதகரும் மூப்பர்களும் கூடப் போகட்டும், பத்துப் பேராகப் போங்கள். அசலில் பாக்கி இருந்தால் அதைக் கட்டும் கடமை அப்படியே இருக்கிறது.

வங்கியோ நிதி நிறுவனமோ அனுப்பும் வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கடன் செயலிகள் உங்கள் தொடர்புப் பட்டியலைத் தொடவே கூடாது. படத்தை மாற்றி உறவினருக்கு அனுப்புவோம் என்று மிரட்டினால் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொல்லுங்கள். பயந்து இன்னொரு செயலியில் வாங்கி இதைக் கட்டாதீர்கள்.

செத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றுகிறது.

இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இப்போதே ஒருவரிடம் சொல்லுங்கள். வீட்டில் முடியாவிட்டால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. திரிகைக் கல்லைக்கூட அடகு வாங்கக்கூடாது என்று மேலே பார்த்தோம். உங்கள் உயிர்மேல் எந்தக் கடன்காரருக்கும் ஈட்டுரிமை இல்லை. பேசி முடித்த பிறகு அந்த முழுத்தாளோடு வாருங்கள், அல்லது தாள் இல்லாமலே வாருங்கள். சேர்ந்து எழுதுவோம்.

புரோநோட்டு எழுதி மூன்று வருஷம் தாண்டிவிட்டது. இனிக் கட்டவேண்டியதில்லை என்கிறார் வக்கீல். வேதம் என்ன சொல்கிறது?

வக்கீல் சொல்வது சரி. இடையில் பகுதிப் பணம் கட்டிக் கையெழுத்துப் போட்டிருந்தால் காலம் அங்கிருந்து மறுபடி தொடங்கும் என்பதையும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீதிமன்றம் வசூலித்துத் தராது என்பதுதான் காலாவதியின் பொருள். வாங்கிய பணம் வாங்காத பணமாக மாறிவிடாது. "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்று 15ஆம் சங்கீதம் சொல்கிறவனுக்குக் காலாவதிச் சட்டம் கிடையாது. கைமாற்றாகத் தந்த நல்ல மனிதர் என்றால் தேடிப் போய்க் கொடுங்கள். பத்து வட்டிக்குத் தந்து அசலைப்போல மூன்று மடங்கு வாங்கிவிட்டவர் என்றால், என் மனச்சாட்சி எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடலாமா?

திவாலா மனு என்பது 1909, 1920ஆம் ஆண்டுச் சட்டங்கள் தருகிற வழி. சென்னைக்கு முன்னது, மாவட்டங்களுக்குப் பின்னது. ஏழாம் வருஷ விடுதலையை எழுதிய உபாகமம் 15 அறிந்தவர்களுக்கு, கடனுக்கு ஒரு முடிவு வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. உள்ளதெல்லாம் கணக்குக் காட்டி, இதற்குமேல் முடியாது என்று ஒப்புக்கொள்வதில் அவமானம் உண்டு, பாவம் இல்லை. வீட்டை மச்சினன் பெயருக்கு மாற்றிவிட்டு நோட்டீஸ் கொடுப்பது திருட்டு. வங்கியோடு செட்டில்மெண்ட் பேசுவதற்கும் இதே அளவுகோல்தான். அதில் இன்னொன்று: கணக்கு "முடிந்தது" என்று அல்லாமல் "செட்டில்" ஆனது என்றே, நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் பதிவாகும். அடுத்த கடன் கிடைப்பது கடினம். சிலருக்கு அது நல்லதுதான்.

இறந்துபோன அப்பாவின் கடனைப் பிள்ளைகள் கட்டவேண்டுமா?

அப்பா விட்டுச்சென்ற சொத்து அளவுக்கு மட்டும். நீங்கள் ஜாமீன் போட்டிராவிட்டால் உங்கள் சொந்தச் சம்பளத்தைத் தொட உரிமை இல்லை. துக்க வீட்டில் வந்து புதுப் புரோநோட்டில் கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள்; போட்டால் அது உங்கள் கடனாகிவிடும். அப்பாவின் பெயருக்காக மனமுவந்து கட்ட விரும்பினால் கட்டுங்கள், கையெழுத்தில்லாமல்.

"எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று ஜெபிக்கிறோமே. சபை ஏன் ஏழைகளின் கடனை அடைக்கக்கூடாது?

முடிந்த சபை அடைக்கட்டும். கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பால் சபையினர் வீடு தேடிப்போய் உதவுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு முறை அடைப்பதைவிட, ஐந்து வட்டிக்குப் போகாமல் தடுப்பது பெரிய உதவி. ஜெர்மனியில் ராய்பைசன் என்ற ஒரு கிராம மேயர், பக்தியுள்ள கிறிஸ்தவர், வட்டிக்காரர்களிடம் சிக்கிய உழவர்களுக்காக 1864இல் கடன் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அந்த முறையை ஆராய்ந்து சென்னை மாகாணத்துக்குப் பரிந்துரைத்தவர் பிரெடரிக் நிக்கல்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி. 1904இல் திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் உருவானது. நான் முப்பது ஆண்டு சம்பளம் வாங்கியது அந்த மரத்தின் ஒரு கிளையில்.

எங்கள் சபையில் இருபத்திரண்டு குடும்பங்கள் மாதம் இருநூறு ரூபாய் போடுகிறோம். சீட்டாக நடத்தவில்லை, பதிவில்லாத சீட்டு 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி தவறு. சுய உதவிக்குழுவாக வங்கியில் கணக்குத் தொடங்கியிருக்கிறோம். அரை வட்டி. மருத்துவம், பள்ளிக் கட்டணம், தொழில் கருவி மூன்றுக்கு மட்டும் கடன். கல்யாணத்துக்குக் கிடையாது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நோட்டைச் சத்தமாக வாசிப்போம், என் பெயரில் உள்ள பாக்கியையும் சேர்த்து. போன மாதம் அது நாலாயிரத்து இருநூறு.